ஒரே ஓர் அடி

மூன்றாவது ஆல்பத்தில் நான் இல்லை.
அட்டையில் இருக்கிறேன்:
இடதுகோடியில், மழைக்கோட்டில், ஒரு கண் பாதி மூடி.
உள்ளே டிரம்ஸ் வாசித்தது
ரொட்டிப்பெட்டி அளவில் ஒரு சாம்பல்நிற இயந்திரம்.
"லோர்னா, நீ பொத்தானை அழுத்து, போதும்" என்றான் டெர்மட்.
அழுத்தினேன்.
அந்த ஆண்டு முழுக்க வேலை அதுதான்.
ஆம்ஸ்டர்டாமில் ஒருமுறை அழுத்த மறந்து
சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தேன்.

முதலாவது வேறு கதை.
கிரிம்ஸ்பி, மீனுக்கு ஐஸ் உடைக்கும் கிடங்கின் பின்கட்டு,
நான்கு நாள், எட்டுத் தடம்.
நுனி வெட்டிய கையுறையோடு பாஸ் வாசித்தான் காலின் தாக்ரே.
கேஸ் கணப்பு சீறியது, அதுவும் பதிவானது.
எங்களுக்கு மூன்று கார்டு தெரியும்,
நான்காவது தெரிந்ததுபோல் முகத்தை வைத்துக்கொள்வோம்.
பத்தொன்பது வயதில் நான் அடித்த ஓர் அடியில்
கதவுக்கு மேலிருந்த கடிகாரம் கழன்று விழுந்தது.
இன்றும் முன்வரிசையில் வழுக்கைத்தலை ஆண்கள்
அந்தப் பாட்டுகளின் பெயரைக் கூவித்
தங்கள் தலைமுடியைத் திருப்பிக் கேட்கிறார்கள்.

இரண்டாவதை லண்டனில் செய்தோம்.
சொல்ல ஒன்றுமில்லை.
நல்ல சாப்பாடு.

நான்காவதன்போது டெர்மட் காதலில் தோற்றிருந்தான்,
ஆகவே பதினாறு வயலின்.
வேல்ஸில் ஈரம் கோத்த ஒரு தேவாலயம்,
ஒவ்வொரு பாட்டும் ஒன்பது நிமிடம்.
முதிர்ச்சி, என்று எழுதின பத்திரிகைகள்.
எங்கள் ஊரில் அது சீஸ் பொட்டலத்தில் அச்சடிக்கிற சொல்.
பியர்ஸ் கிதாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தான்.
இழுத்த வேகத்திலேயே புரிந்துவிட்டது.
இப்போது நார்விச்சில் கொதிகலன் பழுதுபார்க்கிறான்.

ஐந்தாவதில் எவரும் உரக்கப் பேசவில்லை.
காலினின் அப்பா இறந்த குளிர்காலம்.
கம்பித்தூரிகையால் தோலைத் தடவிக்கொண்டிருந்தேன்,
காலடியில் உறங்கும் நாயைத் தடவுவதுபோல.
டெர்மட்டின் குரலில் மேல்மாடி காலியாகியிருந்தது,
கீழ்த்தளத்தில் விளக்கேற்றிக்கொண்டு பாடினான்.
எனக்குப் பிடித்தது அதுதான்.
வாங்கிய அத்தனை பேரையும்
ஒரு சின்னத் திரையரங்கில் உட்காரவைக்கலாம்,
அவரவர் கோட்டுக்கும் தனி நாற்காலி தரலாம்.

போன மார்ச்சில் மறுபதிப்பு வேலை.
ஷெஃபீல்டில் ஜன்னலில்லாத அறை.
இமோஜன் என்றொரு பெண், முப்பது இருக்கும்,
பழைய நாடாக்களை அடுப்பில் வாட்டி எடுத்து,
ஆம், ஒட்டாமலிருக்க வாட்டுவார்கள்,
இழையிழையாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.
மூன்றாவதைக் கையிலெடுத்ததும்
காப்பி வாங்கிவர எழுந்தேன்.
"கொஞ்சம் இருங்க" என்றாள்.
இயந்திரத்தின் ஸ்னேரை மட்டும் தனியே நிறுத்தி
அதன் வாலை இழுத்து நீட்டினாள்.
டப்.
டப்புக்குப் பின்னால் ஒரு சீறல்.
கேஸ் கணப்பு.
அதற்கும் பின்னால், சன்னமாக,
ஆணியிலிருந்து ஏதோ நழுவத் தொடங்கும் ஓசை.
விழுமுன் வெட்டு.
மறுபடி டப்.

காலின் வேலை.
முதல் ஆல்பத்திலிருந்து என் ஒரே ஓர் அடியை நறுக்கி
இயந்திரத்துக்குத் தீனி போட்டிருக்கிறான்.
நாற்பத்தொரு நிமிடமும் அதேதான்.
நாலாயிரத்துச் சொச்சம், என்றாள் இமோஜன், எண்ணிப்பார்த்து.
இருபத்தாறு ஆண்டுகளாக
அந்த ஆல்பம் ஒலிக்கும் கடைகளிலிருந்து
பால் வாங்காமல் வெளியேறியிருக்கிறேன்.

போன் போட்டேன்.
"ஏன்டா சொல்லலை?"
"கேட்டா உனக்கே தெரிஞ்சிடும்னு நினைச்சேன்."
அவன் வீட்டுக் கெட்டில் விசிலடித்தது.
அது அடங்கும்வரை இருவரும் பேசவில்லை.

வியாழக்கிழமை ஆறாவதைத் தொடங்குகிறோம்.
டெர்மட்டுக்கு இம்முறை ஹார்மோனியம் வேண்டுமாம்,
வாங்கட்டும்.
நான் ஒரு கடிகாரம் வாங்கியிருக்கிறேன்.
கதவுக்கு மேல் மாட்ட வேண்டும்,
ஆணியை மட்டும்
சற்றுத் தளர்வாக அடிக்க வேண்டும்.